மூன்றாவது சாவி: எங்கள் கோயில் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினர், சட்டவிதித் திருத்தக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருக்கும் சிறப்புப் பொதுக்கூட்டத்தின் அறிவிப்பும், அதோடு இணைத்த திருத்த வரைவும் கிடைத்தன. நான்கு பக்கம். மூன்று முறை படித்தேன். முப்பத்தோரு ஆண்டு துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதியவன் நான். வந்து இறங்கிய மூட்டையை எண்ணுவதைவிட, வராமல் போன மூட்டையைக் கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலை. அந்தப் பழக்கத்தில் உங்கள் வரைவிலும் ஒரு மூட்டை குறைவதைக் கண்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கோயிலின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பினாங்கின் ஜெலுத்தோங் வட்டாரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். மற்ற ஊர்க்காரர்கள் படித்தால் தங்கள் கோயிலைப் பற்றித்தான் எழுதியிருக்கிறான் என்று நினைப்பார்கள். அதனால்தான் தனிக்கடிதமாகக் கொடுக்காமல் திறந்த மடலாக எழுதுகிறேன்.

வரைவு கேட்பது இது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் நிர்வாகத் தேர்தல் 'நிலைமை சீராகும் வரை' நிறுத்தி வைக்கப்படும். அதுவரை ஐந்து அறங்காவலர்கள் கோயிலை நடத்துவார்கள். அவர்களில் ஒருவர் விலகினாலோ காலமானாலோ, மற்ற நால்வரும் கூடி இன்னொருவரை நியமித்துக்கொள்வார்கள். ஆண்டுக் கணக்கு பொதுக்கூட்டத்தின் 'பார்வைக்கு' வைக்கப்படும். இப்போதைய விதியில் அந்த இடத்தில் இருக்கும் சொல் 'ஒப்புதலுக்கு'.

ஏன் இப்படி ஒரு எண்ணம் வந்தது என்று எனக்குப் புரியாமல் இல்லை. போன கூட்டத்தில் நாற்காலி பறந்தது. போலீஸ் புகார் இரண்டு. கும்பாபிஷேகம் பதினான்கு மாதம் தள்ளிப் போயிற்று. தேர்தலுக்கு மூன்று வாரம் முன்பு நூற்றுச் சொச்சம் புது உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். அத்தனை பேருடைய சந்தாவும் ஒரே கையிலிருந்து வந்தது. கூட்டத்தன்று இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள், சொன்ன இடத்தில் கையைத் தூக்கினார்கள், பிரியாணிப் பொட்டலத்தோடு திரும்பிப் போனார்கள். பொட்டலத்தைக் கோயில் வாசலுக்கு வெளியே வைத்துத்தான் கொடுத்தார்கள், அந்த மட்டும் பக்தி இருந்தது. அந்தத் தேர்தலில் பொருளாளர் பதவிக்கு நின்று 11 வாக்கில் தோற்றவன் நான். வயிற்றெரிச்சலில் எழுதுகிறான் என்று சொல்வீர்கள். வயிற்றெரிச்சல் இருக்கிறது. என்னைத் தோற்கடித்த அதே முறையைத்தான் எடுத்துவிடாதீர்கள் என்று கேட்கிறேன்.

திருத்தக் குழுவில் இருக்கும் தம்பி ஒருவர் மாமாக் கடையில், நம் தமிழ் முஸ்லிம் தேநீர்க்கடையில், என்னைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, எலெக்‌ஷன் வைக்கிற இடமெல்லாம் சண்டைதான். சீனாவைப் பாருங்க, சிங்கப்பூரைப் பாருங்க. ஒருத்தர் முடிவு எடுக்கிறார், மறுநாள் வேலை நடக்குது. நமக்கு நல்ல ஆள் அஞ்சு பேர் போதும்யா." அப்போது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தே தாரே, ஆற்றிய தேநீர், ஆறிப் போனதுதான் மிச்சம். வீட்டுக்கு வந்து யோசித்ததை இங்கே எழுதுகிறேன். தம்பி, இது உங்களுக்கும்தான்.

ஒருவர் முடிவெடுத்து மறுநாள் நடக்கிற ஆட்சியை நான் சிறுவனாக இருந்தபோதே பார்த்திருக்கிறேன். என் அப்பா நிபோங் திபால் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அங்கே அரசாங்கம் என்றால் துரை, தோட்ட மேலாளர். விடிவதற்கு முன்பே பெரட்டுக் களம், ஆள் கூப்பிடும் இடம். கங்காணி ஆள் எண்ணுவார், கிராணி ஏட்டில் குறிப்பார், துரை தூரத்தில் நிற்பார். ஒருமுறை லயத்துப் பெண்கள், தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தவர்கள், சேர்ந்து போய்த் தண்ணீர்க் குழாய் கேட்டார்கள். அந்தத் துரை நல்லவர். மறுவாரமே லயத்துக்கு நடுவில் குழாய் வந்துவிட்டது. கூட்டம் இல்லை, தீர்மானம் இல்லை, வழிமொழிபவர் இல்லை. அப்பா சாகும்வரை அந்தத் துரையைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

அவர் சீமைக்குப் போனார். அடுத்தவர் வந்தார். தண்ணீர் வீணாகிறது என்று சொல்லி அந்தக் குழாயைப் பொழுது சாய்ந்ததும் பூட்டச் சொன்னார். வேலை முடிந்து, சமைத்து, பாத்திரம் கழுவுகிற நேரத்தில் தண்ணீர் இல்லை. அதே பங்களா, அதே நாற்காலி, அதே குழாய். முதல் துரையைக் கொண்டுவந்தது நாங்கள் இல்லை. இரண்டாமவரை அனுப்பிவைக்கவும் எங்களுக்கு வழியில்லை. அம்மா வாளியோடு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. குழாய் ஒரே வாரத்தில் வந்ததற்கும் ஒரே நாளில் பூட்டப்பட்டதற்கும் காரணம் ஒன்றுதான்: கேட்பார் இல்லை.

ஆகவே தம்பி, உங்கள் சீனா விஷயத்தில் வேகம் உண்மை என்பதை நான் மறுக்கவில்லை. 2018-இல் அங்கே அதிபர் பதவிக்கு இருந்த இரண்டு தவணை வரம்பை அரசியல் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு இருப்பவர் முதல் துரையா இரண்டாம் துரையா என்பதை நான் சொல்ல வரவில்லை. அவருக்குப் பிறகு வருகிறவரைப் பற்றித்தான் கேட்கிறேன். சிங்கப்பூரைப் பொறுத்தவரை உங்கள் உதாரணமே தவறு. அங்கே தேர்தல் இருக்கிறது. வாக்களிப்பது கட்டாயம், தவறினால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். 1959 முதல் ஒரே கட்சி ஆள்கிறது என்றால், ஒவ்வொரு தவணைக்கும் மக்கள் முன்னால் போய் நின்றுதான் ஆள்கிறது. அந்த ஆட்டக்களம் எல்லாருக்கும் சமமாக இருக்கிறதா என்று வாதாடலாம், நானே வாதாடுவேன். ஆனால் தேர்தலை நிறுத்தி வைத்து வந்த நிர்வாகம் இல்லை அது.

நம் பினாங்குத் தீவே ஆட்சிமுறைகளின் பொருட்காட்சி மாதிரிதான். 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கியதிலிருந்து இங்கே ஆண்டது ஒரு வணிகக் கும்பினி, கிழக்கிந்தியக் கம்பெனி. லண்டனில் பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஆதாயம் வர வேண்டும் என்பதற்காக நடந்த ஆட்சி. முறையான நீதிமன்றம் 1807-இல்தான் வந்தது. அதுவரை, அதற்குப் பிறகும் ஓரளவு, ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு கப்பித்தான், அதாவது தலைவர். சீனருக்கு ஒருவர், நம் தமிழ் முஸ்லிம் வணிகருக்கு ஒருவர். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு அப்படித்தான் பெயர் வந்தது. 1801-இல் காதர் மொஹிதீன் காலத்தில் எழுந்தது. (தென்னிந்தியரைக் குறிக்கும் 'கெலிங்' என்ற சொல் இன்று நம் காதில் கசக்கிறது. அது வேறு கதை, நீளமான கதை.)

கப்பித்தான் முறையை நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். மொழி தெரிந்தவர், வழக்கம் தெரிந்தவர், யார் வீட்டுப் பெண் யார் வீட்டில் வாழ்கிறாள் என்று அறிந்தவர். வெள்ளைக்கார நீதிபதிக்கு ஒரு வருடத்தில் புரியாத சண்டையை ஒரு மாலையில் தீர்த்துவைத்திருப்பார். ஆனால் கப்பித்தான்மீதே ஒருவனுக்கு மனக்குறை என்றால் எங்கே போவான்? மேலே கும்பினி அதிகாரி இருப்பார். அவருக்கு நம் பாஷை தெரியாது. மொழிபெயர்த்துச் சொல்லக் கப்பித்தானின் ஆளைத்தானே கூப்பிட வேண்டும்? உங்கள் வரைவில் இருக்கும் ஐந்து அறங்காவலர்களைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் கப்பித்தான்கள்தாம். ஐவரும் நல்லவர்கள். இருவர் என் நண்பர்கள். ஒருவர் என் மகள் திருமணத்தில் முன்னின்று வேலை செய்தவர். அவர்கள்மீது குறை இருந்தால் யாரிடம் சொல்வது என்று நான்கு பக்கத்தில் ஒரு வரி இல்லை.

இந்த இடத்தில் யாராவது தமிழ்நாட்டு உத்திரமேரூர்க் கல்வெட்டை இழுப்பீர்கள் என்று தெரியும். பொங்கல் விழா மேடையில் வருடா வருடம் இழுக்கிறோம். "உலகத்துக்கே மக்களாட்சி சொல்லித் தந்தவன் தமிழன்" என்றதும் கைதட்டல். நானும் தட்டியிருக்கிறேன். பிறகு ஒருநாள் கல்வெட்டில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். பராந்தக சோழன் காலம், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். ஊரில் முப்பது குடும்பு, அதாவது வட்டாரம், ஒவ்வொன்றிலிருந்தும் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். வயது 35-க்கு மேல், 70-க்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை. உழுதவனுக்கும் பறை அடித்தவனுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. பெண்ணுக்கும் கிடையாது. என் அப்பாவின் பாட்டன் முப்பாட்டன் யாரும் அந்த மண்டபத்துத் தூண் பக்கம்கூடப் போயிருக்க முடியாது. அதனால் மக்களாட்சி என்ற பெருமையை நான் கொஞ்சம் அடக்கியே பேசுகிறேன்.

ஆனால் அந்தக் கல்வெட்டில் மேடைக்காரர்கள் வாசிக்காத ஒரு பகுதி இருக்கிறது. என் போன்ற கணக்குப்பிள்ளைக்கு அதுதான் கண்ணில் படும். வாரியத்தில், அதாவது ஊர்க் குழுவில், உட்கார்ந்தவனுக்குத் தவணை 360 நாள். முடிந்தால் எழுந்து போக வேண்டும். மூன்று ஆண்டு மறுபடி வரக் கூடாது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள் போகவே கூடாது. அவன் மட்டுமா? அவன் அப்பன், அண்ணன் தம்பி, மாமன், மைத்துனன் பெயரும் போகக் கூடாது. எப்பேர்ப்பட்ட அனுபவம் பாருங்கள்! ஒருவன் கணக்குக் காட்டாமல் இறங்கி, மறுவருடம் மைத்துனனை ஏற்றிவிட்ட ஊரில்தான் இப்படி ஒரு விதி பிறந்திருக்கும். இரண்டே ஆண்டில் விதியைத் திருத்தி இரண்டாவது கல்வெட்டும் வெட்டினார்கள். சட்டத்தைத் திருத்துவதில் தவறில்லை. அவர்கள் கணக்கை இறுக்குவதற்குத் திருத்தினார்கள். நீங்கள் 'ஒப்புதலை'ப் 'பார்வை'யாக்குகிறீர்கள்.

சீட்டுப் போட்டு ஆள் எடுப்பதில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். திறமைசாலியா என்று குடம் பார்க்காது. வேலை தெரியாதவன் கையிலும் பொறுப்பு விழும். ஆனால் குடத்துக்குப் பிரியாணி கொடுக்க முடியாது. இதற்கு மறுபடி வருகிறேன்.

'நிலைமை சீராகும் வரை' என்ற சொற்றொடருக்கு வருவோம். இந்த மடலை எழுத வைத்ததே அதுதான். ஏனென்றால் நம் ஜார்ஜ்டவுன் நகரத்துக்கு அந்தச் சொற்றொடரோடு பழைய பழக்கம் இருக்கிறது.

1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் நகராட்சித் தேர்தல் நடந்தது. நாடு சுதந்திரம் அடைய இன்னும் ஆறு ஆண்டு இருந்தபோது. 1956-இல் நகர மன்ற உறுப்பினர் அனைவரையும் மக்களே தேர்ந்தெடுக்கும் நிலை வந்தது, மலாயாவில் முதன்முறையாக. 1957 ஜனவரி 1-இல் ஜார்ஜ்டவுன் மாநகரானது. அதன் முதல் மேயர் யார்? டி.எஸ். ராமநாதன். தொழிற்கட்சிக்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஸ்காட் ரோடு என்றிருந்த சாலைக்கு இப்போது அவர் பெயர். அந்தச் சாலை வழியே தினமும் காடி ஓட்டிப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று ஒருநாள் நம் கோயில் வாலிபர்களிடம் கேட்டுப் பார்த்தேன். கேட்டிருக்க வேண்டாம்.

1965 மார்ச்சில் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. இந்தோனேசியாவோடு மோதல் நடந்துகொண்டிருந்த காலம், நாட்டுப் பாதுகாப்பு காரணம். தற்காலிகம்தான். மோதல் 1966-இல் முடிந்தது. தேர்தல் திரும்பவில்லை. உள்ளாட்சி மன்றங்களை ஆராய ஓர் அரச ஆணையம் அமைத்தார்கள். தலைவர் யார் தெரியுமா? அவரும் ஒரு தமிழர், செனட்டர் அதி நாகப்பன். (அவர் துணைவியார் ஜானகி, நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்தவர்.) அந்த ஆணையம் ஊர் ஊராகக் கேட்டு, தேர்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1976-இல் உள்ளாட்சிச் சட்டம் வந்தது. அதில் தேர்தலுக்கு இடமில்லை. மாநில அரசு நியமிப்பவர்களே உறுப்பினர்கள். 2012-இல் பினாங்கு மாநில அரசு தானே ஒரு சட்டம் இயற்றி வழி தேடிப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் ஏற்கவில்லை. அறுபது வருடம் ஆகிவிட்டது. தற்காலிகமாக நிறுத்திய தேர்தலில் ஓட்டுப் போடப் பெயர் பதிந்திருந்தவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். அந்தக் காலத்துத் தேர்ந்தெடுத்த மன்றங்களில் முறைகேட்டுப் புகார்கள் இருந்தன, ஜார்ஜ்டவுனிலும் இருந்தன. இன்றைய நியமன மன்றத்தின் காலத்தில் எங்கள் தெருவில் குப்பை லோரி தவறாமல் வருகிறது. உறுப்பினர்களில் உழைப்பாளிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கால்வாய் அடைத்தால் என் வட்டாரத்துக்குப் பொறுப்பான உறுப்பினர் யார் என்று நான் போன் போட்டு விசாரிக்க வேண்டியிருக்கிறது. ஓட்டுக் கேட்டு என் வாசலுக்கு வந்திருந்தால் அவர் முகமாவது தெரிந்திருக்கும். கோலாலம்பூரில் இருக்கும் என் தங்கை நிலைமை இதைவிட மோசம். அங்கே மாநிலச் சட்டமன்றமும் கிடையாது, நகர மன்றத் தேர்தலும் கிடையாது. மேலே இருந்து நியமித்த டத்தோ பண்டார், அதாவது மேயர்தான். ஐந்து வருடத்துக்கு ஒரே ஒரு ஓட்டு, நாடாளுமன்றத்துக்கு.

தற்காலிகம் என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. 2021 ஜனவரியில் பெருந்தொற்றுக்காக அவசரநிலை அறிவித்தார்கள், நாடாளுமன்றம் மாதக்கணக்கில் கூடவில்லை, எல்லாருக்கும் சங்கடமாக இருந்தது. ஆனால் அதற்கு முடியும் தேதி குறித்திருந்தார்கள். ஆகஸ்டு 1. அந்தத் தேதியில் முடிந்தது. உங்கள் வரைவில் தேதி இருக்கிறதா? 'நிலைமை சீராகும் வரை'. சீரானது என்று யார் சொல்வார்கள்? அந்த ஐவர்தான். வீட்டுக்காரனை வெளியே அனுப்பிவிட்டு, வீடு எப்போது காலியாகும் என்று வாடகைக்காரனிடம் கேட்கிற கதை.

இன்னொன்று. நாம் வாழ்வது மன்னராட்சி உள்ள நாடு. உலகத்தில் மன்னர்கள் பல இடத்தில் உண்டு, இந்த ஏற்பாடு அபூர்வமானது. ஒன்பது மாநிலங்களின் ஆட்சியாளர்கள் கூடி, ரகசிய வாக்குச்சீட்டில், தங்களுக்குள் ஒருவரை மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். தவணை ஐந்து ஆண்டு. 1957 ஆகஸ்டில் தொடங்கியது, இன்று பதினேழாவது மாமன்னர். 2019-இல் ஒரு மாமன்னர் தவணை முடியுமுன்பே பதவி துறந்தபோது, அந்த மாதம் முடிவதற்குள் அடுத்தவர் அமர்ந்துவிட்டார். ஒரு கல் பறக்கவில்லை. பேரரசருக்கே ஐந்து வருடம் என்று எழுதி வைத்திருக்கும் நாட்டில், ஜெலுத்தோங்கில் ஒரு கோயிலுக்கு ஆயுள்காலம்! இதை எழுதியபோது திருத்தக் குழுவில் ஒருவருக்காவது சிரிப்பு வரவில்லையா?

நாடாளுமன்ற முறையின் குறையும் நமக்குத் தெரியும். 2018 மே 9-இல் அறுபத்தோரு ஆண்டு ஆண்ட கூட்டணியை வரிசையில் நின்று மாற்றினோம். என் மனைவி கால் வலியோடு மூன்று மணி நேரம் நின்றாள். 2020 பிப்ரவரியில் நம்மைக் கேட்காமலே உறுப்பினர்கள் இடம் மாறி ஆட்சி கவிழ்ந்தது. அவள் அதை இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் அதன்பின் என்ன நடந்தது என்று பாருங்கள். கட்சி தாவினால் பதவி போகும் என்று 2022-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். தேர்தலால் வந்த நோய்க்குத் தேர்தலை நிறுத்தவில்லை, தாவுகிற ஓட்டையை அடைத்தார்கள். அந்த ஆண்டு நவம்பர்ப் பொதுத் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை வராமல் போனபோது, உறுப்பினர்களின் ஆதரவு யாருக்கு என்று கேட்டறிந்து பிரதமரை நியமிக்க மாமன்னர் இருந்தார். கட்சிக்கு வெளியே ஒருவர் நடுவராக இருப்பது எவ்வளவு உதவி என்று நான் அப்போதுதான் முழுதாக உணர்ந்தேன். நமக்கும் அப்படி ஒரு மூத்தவர் தேவைப்படலாம். ஆனால் நடுவர் கையில் உண்டியல் சாவி இருக்கக் கூடாது.

அதிபர் முறையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. நம் கூட்டத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் நான்கு முறை வென்ற பிறகு, இனி இரண்டுக்கு மேல் வேண்டாம் என்று 1951-இல் சட்டத்தில் எழுதிக்கொண்டார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இலங்கையில் 1978-இல் எல்லா அதிகாரத்தையும் ஒரு நாற்காலியில் குவித்தார்கள். 2019-இல் பாதிக்கு மேல் வாக்கு வாங்கி அதில் உட்கார்ந்தவரை 2022-இல் இறக்குவதற்கு, மக்கள் மாளிகைக்குள் புகுந்து நீச்சல்குளத்தில் குதிக்க வேண்டியிருந்தது. வாசல் வைக்காத வீட்டில் ஜன்னலை உடைத்துத்தான் வெளியேற வேண்டும். தாய்லாந்து நமக்குப் பக்கத்து வீடு, ஹட்யாய்க்குப் போகாத பினாங்குக்காரர் குறைவு. 1932 முதல் இன்றுவரை அங்கே இருபது அரசியல் சட்டங்கள். 2006-இலும் 2014-இலும் ராணுவம் வந்தபோது சொன்ன காரணம், உங்கள் வரைவின் முதல் பத்தியில் இருப்பதிலிருந்து அதிக தூரமில்லை: சண்டை ஓயட்டும், பிறகு பார்ப்போம்.

எல்லாரும் நேரே கூடி முடிவெடுப்பதுதான் சிறந்தது என்று நம்மில் ஒரு சாரார் சொல்கிறார்கள், "எல்லாத்தையும் ஜெனரல் மீட்டிங்ல வைப்போம்" என்று. அதற்குப் பெயர்போன சுவிட்சர்லாந்தில் பெண்களுக்குக் கூட்டரசுத் தேர்தலில் வாக்கு கிடைத்தது 1971-இல். 1959-இல் வாக்கெடுப்புக்கு விட்டபோது ஆண்கள் கூடி வேண்டாம் என்று வாக்களித்தார்கள். நம் மலாயாவில் 1955 பொதுத் தேர்தலிலேயே பெண்கள் ஓட்டுப் போட்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் கோயிலில் வெள்ளிக்கிழமை அன்னதானம் முழுவதையும் சமைப்பவர்கள் பெண்கள். நிர்வாகத்தில் இதுவரை ஒரு பெண்கூட உட்கார்ந்ததில்லை. வரைவின் ஐவரும் ஆண்கள். குழாய் கேட்டுத் துரையிடம் போனவர்கள் பெண்கள்தான் என்பதை மறுபடி ஞாபகப்படுத்துகிறேன்.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் கிழவனுக்கு வேறு வேலையில்லை என்பீர்கள். என் பங்குக்கு ஒரு மாற்று வரைவைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். ஒரே பக்கம். உறுப்பினராகி ஓராண்டு ஆன பிறகே வாக்குரிமை, சந்தாவை அவரவர் பெயரில் கட்ட வேண்டும். வேன் பிரச்சினை இதிலேயே பாதி தீரும். கை தூக்குவது வேண்டாம், சீட்டு. தலைவர், செயலாளர், பொருளாளர் யாரும் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் இல்லை. மாதக் கணக்கைச் செருப்பு விடும் இடத்துப் பலகையில் ஒட்ட வேண்டும், அங்கேதான் எல்லாரும் நிற்பார்கள். கணக்காய்வாளர் இருவரைத் தேர்தலில் எடுக்க வேண்டாம். உறுப்பினர் பெயரையெல்லாம் எழுதி ஒரு குடத்தில் போட்டு, தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வோம். உத்திரமேரூரைப் பற்றி மேடையில் பேசியது போதும். இந்த முறை குடத்தில் எல்லார் ஓலையும் இருக்கட்டும். கூட்டல் கழித்தல் தெரியாதவர் பெயர் வந்தால் நான் கூட உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.

சண்டை வராது என்று நான் உறுதி தர மாட்டேன். வரும். துறைமுகத் தொழிற்சங்கத்தில் பதினாறு ஆண்டு கிளைச் செயலாளராக இருந்தவன், எத்தனையோ கூட்டத்தில் சட்டை கிழிந்து வீட்டுக்கு வந்தவன். தேர்தலின் பலவீனம் சத்தம். அது வெளியே கேட்கிறது, ஊர் சிரிக்கிறது, கும்பாபிஷேகம் தள்ளிப் போகிறது. ஐவர் ஆட்சியில் சத்தம் இருக்காது. லயத்தில் குழாயைப் பூட்டிய இரவுகளிலும் சத்தம் இல்லை.

இனி அந்தக் குறைந்துபோன மூட்டை. நம் உண்டியலுக்கு மூன்று பூட்டு. தலைவரிடம் ஒரு சாவி, பொருளாளரிடம் ஒரு சாவி. மூன்றாவது, நிர்வாகத்தில் இல்லாத ஓர் உறுப்பினரிடம். அவரைப் பொதுக்கூட்டம் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும். மூவரும் வந்து நின்றால்தான் உண்டியல் திறக்கும். நம் முன்னோர், பெரும்பாலும் கையெழுத்துப் போடத் தெரியாத துறைமுகத் தொழிலாளிகள், பழைய விதி 14-இல் எழுதி வைத்துவிட்டுப் போனது. புது வரைவில் 13-க்கு அடுத்து 15 வருகிறது. 14 ரத்து என்றுகூட எழுதவில்லை. எண் மட்டும் இல்லை. தட்டச்சுப் பிழை என்றால் சந்தோஷம், ஞாயிற்றுக்கிழமை திருத்திவிடுங்கள்.

அந்த மூன்றாவது சாவி போன கூட்டத்திலிருந்து என்னிடம்தான் இருக்கிறது. பொருளாளர் தேர்தலில் 11 வாக்கில் என்னைத் தோற்கடித்த அதே கூட்டம், அடுத்த தீர்மானத்திலேயே, வேனில் வந்தவர்கள் பொட்டலம் வாங்க வெளியே போயிருந்த நேரத்தில், இதை என்னிடம் கொடுத்தது. ஞாயிறு காலை பத்து மணிக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன். வரைவு நிறைவேறினால் அதை எந்த விதியின்படி, யாரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவது என்று தலைவர் கூட்டத்தில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைக் கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதிக்கொள்ளும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாவது சாவிக்காரன்
ஜெலுத்தோங், பினாங்கு